திரையில் தானாக முளைத்த மென்பொருளை நம்பலாமா?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஓய்வூதியக் கணக்கைப் பார்க்கவும், வெளியூரில் இருக்கும் மகனுடன் பேசவும், எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் விழாக் குழுவுக்கு அறிவிப்புகள் தட்டச்சு செய்து தரவும் வீட்டில் ஒரு விண்டோஸ் 11 கணினி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் விழா அழைப்பிதழுக்காக, இலவச எழுத்துருக்கள் தரும் ஒரு பக்கத்திலிருந்து தமிழ் எழுத்துரு ஒன்றை இறக்கினேன். அன்றிலிருந்து திரையின் வலப்பக்கக் கீழ்மூலையில் ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன’ என்று ஒரு பெட்டி அடிக்கடி எழும்புகிறது. கூடவே, நான் கேள்விப்பட்டே இராத பெயரில் ஒரு மென்பொருள், கணினியைப் போட்டவுடன் தானாக ஓடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிழைகள் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் காட்டி, சரிசெய்யப் பணம் கேட்கிறது. பக்கத்து வீட்டார் ‘பாதுகாப்புதானே, கட்டிவிடுங்கள்’ என்கிறார். பேரனோ ‘பேர் தெரியாத எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் பாட்டி’ என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: பணம் கட்ட வேண்டாம். அதே சமயம், பேரன் சொல்வதுபோல் பெயர் தெரியாத எல்லாவற்றையும் அழித்துவிடவும் வேண்டாம். பிரிண்டர், ஒலி, மடிக்கணினியின் தொடுபலகை ஆகியவற்றுக்கு உரிய துணை நிரல்கள் பலவும் நமக்குப் பழக்கமில்லாத பெயர்களில்தான் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் மறுநாள் பிரிண்டர் வேலை செய்யாது.

ஒரு சாளரத்தை நம்பலாமா என்பதை அதில் எழுதியிருக்கும் செய்தியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதிலுள்ள வாசகம், கேடயப் படம், சிவப்பு நிறம், எண்ணிக்கை எல்லாமே அதை உருவாக்கியவர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்டவை. அந்தச் சாளரத்தைக் காட்டுவது எந்த நிரல், அந்த நிரல் எந்த வழியாகக் கணினிக்குள் வந்தது என்ற இரண்டையும் தேடிப் பாருங்கள். இவை தெரிந்துவிட்டால் பெரும்பாலும் முடிவும் தெரிந்துவிடும். தங்கள் கடிதத்தில் இருப்பவை இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் என்பதால், முதலில் மூலையில் எழும் பெட்டியை எடுத்துக்கொள்வோம்.

அடுத்த முறை அது எழும்போது, பெரிய எழுத்தை விட்டுவிட்டு விளிம்பில் இருக்கும் சிறிய எழுத்தைப் படியுங்கள். பெட்டியின் தலைப்பில் விண்டோஸ் பாதுகாப்பு என்று எழுதியிருக்கலாம். நீலக் கேடயமும் இருக்கலாம். ஆனால் ஓரத்தில் மங்கலாகக் குரோம் அல்லது எட்ஜ் என்ற பிரவுசரின் பெயரும், எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுபோல் ஓர் இணையதள முகவரியும் தெரிந்தால், அது வைரஸ் எச்சரிக்கையே இல்லை. பிரவுசர் வழியாக வரும் விளம்பரம். ஏதோ ஒரு பக்கத்தில் ‘தொடர அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று கேட்டபோது நாம் அழுத்தியதன் பலனாக, அந்தத் தளத்துக்கு நம் திரையில் அறிவிப்புக் காட்டும் உரிமை கிடைத்துவிடுகிறது. அந்தத் தளத்தை மூடிவிட்ட பிறகும் அறிவிப்பு வந்துகொண்டிருக்கும். அதனால்தான் அது கணினியின் சொந்தக் குரல்போல் தோன்றுகிறது.

இணையப் பக்கம் எதுவும் நம் வன்தட்டில் உள்ள கோப்புகளைத் தானாகத் திறந்து பார்க்கப் பிரவுசர் அனுமதிப்பதில்லை. ஆகவே, ஒரு பக்கம் ‘5 வைரஸ்கள்’ என்று எண்ணிச் சொல்வது, தெருவில் போகிறவர் நம் வீட்டுப் பரணில் எத்தனை எலி என்று சொல்வது போன்றதுதான். குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற வரிசையில் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் தங்களுக்குத் தெரியாத முகவரிகள் அனைத்தையும் நீக்கிவிட்டால் பெட்டி எழும்புவது அன்றே நின்றுவிடும்.

இரண்டாவது சிக்கல் இதைவிடக் கவனத்துக்குரியது, ஏனென்றால் அந்த மென்பொருள் உண்மையாகவே கணினியில் நிறுவப்பட்டிருக்கிறது. அமைப்புகளில் செயலிகள் என்ற பகுதிக்குச் சென்று, நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். அந்த மென்பொருளின் தேதியும் எழுத்துருவை இறக்கிய தேதியும் ஒன்றாக இருந்தால் வந்த வழி தெரிந்துவிட்டது. அதே தேதியில் வேறு எவை நுழைந்தன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இத்தகையவை பெரும்பாலும் தனியாக வருவதில்லை.

எழுத்துரு இறக்கிய இடத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது. அப்படிப்பட்ட பக்கங்களில் பச்சை நிறத்தில் பளிச்சென்று இருக்கும் பதிவிறக்கப் பொத்தான் பெரும்பாலும் விளம்பரமாகவே இருக்கும். உண்மையான இணைப்பு அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். எழுத்துருக் கோப்பின் பெயர் டிடிஎஃப் அல்லது ஓடிஎஃப் என்று முடியும். சில நேரம் ஜிப் கோப்பாகச் சுருக்கித் தருவார்கள். இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது இயங்கும் நிரல். எழுத்துருவுக்கு அப்படியொரு நிரல் தேவையே இல்லை. விண்டோஸ் இந்தப் பின்னொட்டை வழக்கமாக மறைத்தே வைத்திருப்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. கோப்புறைச் சாளரத்தில் காட்சி என்ற பட்டியலுக்குள் சென்று, கோப்புப் பெயர்ப் பின்னொட்டுகள் தெரியும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

அந்த நிரல் நுழைந்தபோது திரை முழுவதும் மங்கி, நடுவில் ஒரு பெட்டி வந்து, ‘இந்தச் செயலி உங்கள் சாதனத்தில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா’ என்று விண்டோஸ் கேட்டிருக்க வாய்ப்புண்டு. நிறுவுகிற அவசரத்தில் எல்லாரும் ‘ஆம்’ என்று தட்டிவிடும் பெட்டி அதுதான். முடிவெடுக்க நமக்குக் கிடைக்கும் கடைசி வாய்ப்பும் அதுதான். அதில் வெளியிட்டவர் என்று ஒரு வரி இருக்கும். சரிபார்க்கப்பட்ட வெளியீட்டாளராக ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால், கோப்பு அந்தப் பெயரில் மின்முறையில் கையொப்பமிடப்பட்டது, இடையில் யாரும் மாற்றவில்லை என்று பொருள். மஞ்சள் பட்டையுடன் ‘தெரியாத வெளியீட்டாளர்’ என்று இருந்தால், தாங்களே தேடிச் சென்று இறக்கிய, நன்கு தெரிந்த நிரலாக இருந்தாலொழிய ‘இல்லை’ என்று அழுத்திவிடுங்கள். அந்தக் கணத்தில் தாங்கள் எதையும் நிறுவிக்கொண்டிருக்கவில்லை என்றால், வேறு எதையும் ஆராயாமல் ‘இல்லை’ என்பதே சரியான விடை.

கையொப்பம் இருந்தாலே போதும் என்றும் நினைத்துவிட வேண்டாம். 2017-இல் சீகிளீனர் என்ற பெயர்பெற்ற துப்புரவு மென்பொருளின் 5.33 பதிப்பில், அதைத் தயாரிக்கும் இடத்திலேயே யாரோ ஊடுருவித் தீநிரலைச் சேர்த்துவிட்டார்கள். உரிய கையொப்பத்துடன், நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே அது சுமார் 22.7 லட்சம் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. கையொப்பம் நமக்கு அனுப்பியவர் யார் என்பதைத்தான் சொல்லும். அனுப்பியது நல்லதா என்பதைச் சொல்லாது.

இனி, அந்த ஆயிரம் பிழைகள். இவ்வகை மென்பொருள்கள் பிழை என்று எண்ணுபவற்றில் பெரும்பகுதி, இணையதளங்கள் விட்டுச்செல்லும் குக்கிகள், தற்காலிகக் கோப்புகள், நீக்கிய நிரல்கள் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) விட்டுச்சென்ற மிச்சங்கள் ஆகியவைதான். நலமாக ஓடும் எந்தக் கணினியிலும் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். இவற்றால் கணினிக்குத் தீங்கு இல்லை. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கருவிகளைத் தாம் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இது வெறும் சந்தேகமாக நிற்கவில்லை; அமெரிக்காவில் வழக்காகவே வந்திருக்கிறது. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரண்டு சைப்ரஸ் நிறுவனங்கள், விண்டோஸிலிருந்து வருவதுபோல் தோன்றும் பாப்-அப் (திடீரென எழும் பெட்டி) எச்சரிக்கைகளைக் காட்டி, கணினியின் உண்மை நிலை எப்படி இருந்தாலும் பழுது இருப்பதாகச் சொல்லி விற்றன என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் 2.6 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டு அவை வழக்கை முடித்துக்கொண்டன. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஆஃபீஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொடரே இதில் சிக்கியது. அங்கு இலவசச் சோதனை தொடங்கும்போது, கணினி மெதுவாக ஓடுகிறதா, பாப்-அப் வருகிறதா என்பதுபோல் நான்கு கேள்விகள் கேட்பார்கள். ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று குறித்துவிட்டால், சோதனை எதைக் கண்டாலும் காணாவிட்டாலும் தீநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும் என்று ஆணையம் கூறியது. அந்தக் கடைத்தொடர் 2.5 கோடி டாலரும், மென்பொருளை அளித்த நிறுவனம் 1 கோடி டாலரும் கட்டின. வாடிக்கையாளர் சொன்ன குறையையே வாங்கி, அதையே கண்டுபிடிப்பாகத் திருப்பிச் சொல்லிக் காசாக்கியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது. தங்களைப் போன்ற கவனமான மனிதர்களின் பொறுப்புணர்ச்சியைத்தான் இத்தகைய மென்பொருள்கள் குறிவைக்கின்றன.

சந்தேகம் இன்னும் இருந்தால், பதிவிறக்கக் கோப்புறையில் அந்த நிறுவுகோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் திறக்காமல், கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால், ஏறத்தாழ 70 பாதுகாப்பு நிரல்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் தவறான கணிப்பாக இருக்கலாம். பல சேர்ந்து எச்சரித்தால் நம்பித்தான் ஆக வேண்டும். அங்கு ஏற்றும் கோப்புகள் ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும் என்பதால் ஓய்வூதிய ஆவணங்களையோ குடும்பப் படங்களையோ ஏற்றிவிட வேண்டாம். மென்பொருளின் பெயரைக் கூகுளில் தேடும்போதும் ஓர் எச்சரிக்கை: ‘இதை நீக்குவது எப்படி’ என்று வரும் பக்கங்களில் பல, அதே ரகத்தைச் சேர்ந்த வேறொரு மென்பொருளை விற்பதற்காகவே எழுதப்பட்டவை.

தாங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், கேட்காமல் வந்து, பயமுறுத்திப் பணம் கேட்கும் இதை நீக்குவதற்கு மேலும் ஆதாரம் தேவையில்லை. செயலிகள் பட்டியலிலிருந்தே அதை நீக்குங்கள். நீக்கும்போது ‘பாதி விலைக்குத் தருகிறோம்’ என்றோ ‘கணினி ஆபத்துக்குள்ளாகும்’ என்றோ கேட்டால் பொருட்படுத்த வேண்டாம். பிறகு விண்டோஸுடனேயே வரும் விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பாதுகாப்புச் செயலியில் முழுச் சோதனையையும், அடுத்து அதிலேயே உள்ள டிஃபெண்டர் ஆஃப்லைன் சோதனையையும் ஓட்டுங்கள். இரண்டாவதில் கணினி அணைந்து மீண்டும் தொடங்கும், சுமார் 15 நிமிடம் ஆகும், விண்டோஸ் முழுமையாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பவையும் அகப்படும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கக் கருவிகள் கிடைக்கின்றன. இந்த ஒரு மாதத்தில் அந்தக் கணினியில் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்திருந்தால், கைப்பேசியிலிருந்து அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த என் அப்பா செய்தி படித்துக்கொண்டிருந்தபோது திரை முழுவதும் நீலமாகி, அபாயச் சங்கு ஒலித்து, ‘கணினியை அணைக்காதீர்கள், மைக்ரோசாஃப்ட்டை அழையுங்கள்’ என்று ஒரு தொலைபேசி எண் வந்திருக்கிறது. அழைத்திருக்கிறார். பேசியவர் எனிடெஸ்க் என்ற செயலியை நிறுவச் சொல்லி, உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளைக் காட்டியிருக்கிறார். அதைப் பார்த்துப் பயந்து நெட் பேங்கிங்கைத் திறந்துவிட்டார். நேற்று நடந்தது. பணம் போனதா என்று பார்க்கவே பயமாக இருக்கிறது.
– வாசகர், தாம்பரம்

பதில்: இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கிக்கு அழையுங்கள், நெட் பேங்கிங்கையும் அட்டைகளையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் அளிக்கலாம். பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும் என்பதால், எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ அவ்வளவுக்கு வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே விவரங்களைக் கொடுத்ததால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரைச் சேரும். தெரிவித்த பிறகு நடப்பது வங்கியைச் சேரும். ஒவ்வொரு மணி நேரமும் இதில் கணக்கு.

கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, எனிடெஸ்க்கை நீக்கி, மேலே சொன்ன ஆஃப்லைன் சோதனையை ஓட்டுங்கள். எனிடெஸ்க் முறையான மென்பொருள்தான். அலுவலகங்களில் தொலைவிலிருந்து பழுது பார்க்க அன்றாடம் பயன்படுகிறது. நல்ல மென்பொருளாக இருந்தும், அது திரையில் காட்டும் இணைப்பு எண்ணை முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லி, அவர் நுழைய அனுமதித்த கணத்தில் கணினியே அவர் கையில் போய்விடுகிறது. மின்னஞ்சல் உட்பட எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள்.

அப்பா பார்த்துப் பயந்த அந்தப் பட்டியல், ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸின் சொந்தப் பதிவேடாக இருக்கக்கூடும். ஏதேனும் ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால்கூட அதில் ஒரு மஞ்சள் குறி விழும். என் கணினியிலும் உங்கள் கணினியிலும் அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் கணினிக்கு அருகில் ஒட்டிவையுங்கள். திரை மீண்டும் அப்படி மாட்டிக்கொண்டால் எஸ்கேப் விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கலாம். முடியாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடலாம். மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அப்பாவைக் கடிந்துகொள்ள வேண்டாம். 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனை நடத்தியது. அதில் ஒரு பகுதி, இதேபோல் பாப்-அப் காட்டி வெளிநாட்டு முதியவர்களை ஏமாற்றிய கால் சென்டர்களைப் பற்றி மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் நடந்தது. ஆள் வைத்து, பயிற்சி கொடுத்து, வசனம் எழுதிக்கொடுத்து நடத்தப்படும் தொழில் இது. தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதற்கு அகப்பட்டதில் அவமானம் எதுவும் இல்லை. கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் உங்களிடம் சொல்லவே மாட்டார்.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று ஒரு சாளரம் வருகிறது. இதுவும் ஏமாற்றா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: செய்தி உண்மை. 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் பெறலாம் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செய்தி உண்மை என்பதற்காக அதைக் காட்டும் சாளரமும் உண்மையாகிவிடாது. ஊரறிந்த செய்தியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துவார்கள். சாளரத்தில் உள்ள எந்தப் பொத்தானையும் தொடாமல் மூடிவிட்டு, அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குத் தாங்களாகவே செல்லுங்கள். மேம்படுத்தலோ பதிவோ தேவையென்றால் அங்கேயே இருக்கும்.

கேள்வி: ஒரு பக்கத்தில் ‘நான் ரோபோ அல்ல’ என்று உறுதி செய்ய, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-வி, என்டர் தட்டச் சொல்கிறது. தட்டலாமா?
– கல்லூரி மாணவி, சிவகாசி

பதில்: கூடவே கூடாது. தாங்கள் பொத்தானை அழுத்தியபோதே அந்தப் பக்கம் ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் நகலெடுத்து வைத்திருக்கும். அதை ஒட்டி என்டர் தட்டினால் கடவுச்சொல் திருடும் நிரல் ஒன்று தங்கள் கையாலேயே இறங்கி ஓடும். உண்மையான சரிபார்ப்பு எதுவும் பிரவுசருக்கு வெளியே போகச் சொல்லாது. 2024 முதல் இந்த உத்தி பரவலாகப் பயன்படுகிறது. தட்டிவிட்டவர்கள் உடனே இணையத்தைத் துண்டித்து, கைப்பேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

கேள்வி: புதிய மடிக்கணினியுடன் வந்த ஆன்ட்டி வைரஸின் சோதனைக் காலம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லி நாள்தோறும் நச்சரிக்கிறது. இதை நம்பலாமா, விட்டுவிடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: செயலிகள் பட்டியலில் அதன் பெயர் இருந்தால், நச்சரிப்பது உண்மையான மென்பொருள்தான், இல்லாமல் பிரவுசர் வழியாக வந்தால் முதல் பதிலில் சொன்ன போலி அறிவிப்பாக இருக்கும். உண்மையானதாகவே இருந்தாலும் புதுப்பிப்பது கட்டாயமில்லை. விண்டோஸில் உள்ள டிஃபெண்டர் சாதாரண வீட்டு உபயோகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. பெயர்பெற்ற நிறுவனம் என்பதும் முழு உத்தரவாதம் ஆகாது: பயனர்கள் பார்த்த தளங்களின் விவரங்களை விற்றதாக எழுந்த குற்றச்சாட்டில், அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது.

வேறு ஆன்ட்டி வைரஸ் இருக்கும்போது டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். ஆகவே காலாவதியான மென்பொருளை அப்படியே விட்டுவைக்காமல் முறைப்படி நீக்கி, கணினியை மறுபடி தொடங்குங்கள். டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்றுக்கொள்ளும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியில் பச்சைக் குறி இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.